முப்பத்திரண்டை எப்போது கூட்டுவது?



ஆண்டு மலர் என்றாலே கவிதை, ஜோக், துணுக்கு என்று பக்கங்கள் பறந்துவிடும். அதற்கு நடுவில் ஒரு கணக்கைக் கொண்டுவந்து நீட்டுகிறேன். "ஐயையோ, கணக்கா!" என்று பக்கத்தைத் திருப்பிவிடாதீர்கள். இது அரியர் வைக்கிற கணக்கு அல்ல. அடுப்படியிலும், ஆஸ்பத்திரியிலும், நம் லேபிலும் தினமும் நடக்கிற கணக்கு.

கோடை பிறந்தால் நம் பத்திரிகைகள் "வெயில் சதம் அடித்தது" என்று எழுதும். அந்தச் சதம் 100 டிகிரி ஃபாரன்ஹீட். அன்று மாலையே வானிலை அறிக்கையில் அதே வெயில் 37.8 டிகிரி செல்சியஸ் என்று வரும். வீட்டில் பிள்ளைக்கு ஜுரம் என்றால் பாட்டி "நூத்திரண்டு" என்பார். ஆஸ்பத்திரி சீட்டிலோ 38.9 என்று இருக்கும். நம் ஸ்டீம் டேபிளில் கெல்வின். நூலகத்து அலமாரியில் இருக்கும் பழைய அமெரிக்க ஹேண்ட்புக்கைத் திறந்தால் ராங்கின்! சூடு ஒன்று, எண் நாலு.

"இதுல என்னப்பா இருக்கு? ஒன்பதால பெருக்கி, அஞ்சால வகுத்து, முப்பத்திரண்டைக் கூட்டினா முடிஞ்சுது" என்று நீங்கள் சொல்வது காதில் விழுகிறது. பாதி சரி. அந்த முப்பத்திரண்டைக் கூட்டக்கூடாத இடமும் உண்டு. கூட்டினாலும் கூட்டாவிட்டாலும் தப்பாகப் போகிற இடமும் உண்டு. அதைத்தான் சொல்ல வருகிறேன்.

முள்ளோடைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும்

எனக்குச் சொந்த ஊர் பாகூர் கொம்யூனில் உள்ள கிருமாம்பாக்கம். புதுச்சேரியிலிருந்து கடலூர் போகும் சாலையில் எங்கள் ஊரைக் கடந்து தெற்கே போனால் முள்ளோடை. அதோடு புதுச்சேரி முடிந்து தமிழ்நாடு ஆரம்பம். 1947 வரை முள்ளோடைக்கு அந்தப் பக்கம் ஆங்கிலேயர் ஆட்சி. 1954 நவம்பர் 1 வரை இந்தப் பக்கம் பிரெஞ்சு ஆட்சி. ஆங்கிலேயரின் வழக்கம் ஃபாரன்ஹீட், பிரெஞ்சுக்காரரின் வழக்கம் சென்டிகிரேடு. இரண்டு பக்கமும் அடித்த வெயில் ஒன்றுதான். ஆண்ட துரைமார்களின் தெர்மாமீட்டர்தான் வேறு வேறு!

சுதந்திர இந்தியாவில் 1956-இல் எடை, அளவுகளுக்கான சட்டம் வந்தது. மெட்ரிக் முறை படிப்படியாக நாடெங்கும் பரவியது. வானிலைத் துறை செல்சியஸுக்கு மாறிவிட்டது. ஆனால் பத்திரிகையின் "சதமும்" பாட்டியின் "நூத்திரண்டும்" மாறவே இல்லை. ஆகவே நாம் இன்றும் இரண்டு அளவுகளோடுதான் வாழ்கிறோம். இரண்டையும் புரிந்துகொள்வதைத் தவிர வேறு வழியில்லை.

அளவுகள் பிறந்த கதை

டேனியல் கேப்ரியல் ஃபாரன்ஹீட் 1686-இல் டான்சிக் நகரில் பிறந்தவர். பாதரசத் தெர்மாமீட்டரைச் செம்மையாகச் செய்து காட்டியவர். 1724-இல் தம் அளவுமுறையை வெளியிட்டார். பனிக்கட்டி, தண்ணீர், நவச்சாரம் மூன்றும் கலந்த கலவையின் குளிர்ச்சியைப் பூச்சியமாக வைத்தார். வெறும் பனிக்கட்டியும் தண்ணீரும் 32 ஆனது. பிற்பாடு தண்ணீரின் கொதிநிலை 212 என்று நிலைபெற்றது. நடுவில் 180 படிகள்.

பிரெஞ்சுக்காரரான ரெயோமூர் 1730-இல் ஓர் அளவைக் கொண்டுவந்தார். அதில் உறைநிலை 0, கொதிநிலை 80. நம் தாத்தா காலத்து இயற்பியல் புத்தகங்களில் மூன்றாவதாக ஒரு அளவு வருமே, அது இவருடையதுதான்.

சுவீடன் நாட்டு வானியல் அறிஞர் ஆண்டர்ஸ் செல்சியஸ் 1742-இல் நூறு படிகள் வைத்தார். வேடிக்கை என்னவென்றால், அவர் கொதிநிலைக்கு 0 என்றும் உறைநிலைக்கு 100 என்றும் வைத்தார்! சூடு ஏற ஏற எண் குறையும். சில ஆண்டுகளிலேயே மற்றவர்கள் அதைத் தலைகீழாகத் திருப்பிவிட்டார்கள். "சென்டிகிரேடு" என்று வழங்கிவந்த அந்த அளவுக்கு 1948-இல்தான் சர்வதேச மாநாடு "செல்சியஸ்" என்ற பெயரை உறுதி செய்தது.

மூன்றையும் ஒரே வரியில் கட்டிவிடலாம்:

செ / 5 = (ஃபா − 32) / 9 = ரெ / 4

(100 படி, 180 படி, 80 படி. மூன்றையும் 20-ஆல் வகுத்தால் 5, 9, 4. அவ்வளவுதான் ரகசியம்.)

சாலையோரத்துக் கற்கள்

இந்த வரியை மனப்பாடம் செய்வதைவிட மனசில் படமாகப் பார்ப்பது நல்லது. ஒரு சாலையை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு ஓரத்தில் வெள்ளைக் கற்கள், இன்னொரு ஓரத்தில் கறுப்புக் கற்கள். வெள்ளைக் கல் 5 இடைவெளி போகும் தூரத்தில் கறுப்புக் கல் 9 இடைவெளி போகும். அதாவது கறுப்புக் கற்கள் நெருக்கமாக நட்டவை. அது மட்டுமல்ல, கறுப்பு வரிசை முன்கூட்டியே ஆரம்பித்துவிட்டது. வெள்ளைக் கல் 0 நிற்கும் இடத்துக்கு எதிரே கறுப்புக் கல் 32 நிற்கிறது.

இப்போது நான் இரண்டு கேள்வி கேட்கிறேன். முதல் கேள்வி: "வெள்ளைக் கல் 20-க்கு எதிரே எந்தக் கறுப்புக் கல்?" இதற்கு இடைவெளியும் பார்க்க வேண்டும், ஆரம்ப இடமும் பார்க்க வேண்டும். 20 × 9/5 = 36, அதோடு 32 கூட்டினால் 68.

இரண்டாவது கேள்வி: "வெள்ளைக் கல் 10-லிருந்து 20 வரை நடந்தால், எத்தனை கறுப்பு இடைவெளி நடந்திருப்பேன்?" 10-க்கு எதிரே 50, 20-க்கு எதிரே 68. கழித்தால் 18. அதாவது 10 × 9/5 மட்டும்தான். 32 எங்கே போயிற்று? இரண்டு பக்கமும் இருந்ததால் கழித்தலில் அடிபட்டுப் போயிற்று!

முதல் கேள்வி நிலையைப் பற்றியது. இரண்டாவது வித்தியாசத்தைப் பற்றியது. இது இரண்டையும் போட்டுக் குழப்பிக்கொள்வதில்தான் பாதித் தொல்லை.

நிலை: மனக்கணக்குக்கு இரண்டு வழிகள்

வழி ஒன்று: செல்சியஸை இரட்டிப்பாக்குங்கள், அதில் பத்தில் ஒரு பங்கைக் கழியுங்கள், 32-ஐக் கூட்டுங்கள். உதாரணம் 37. இரட்டித்தால் 74. பத்தில் ஒன்று 7.4 போக 66.6. கூட்டினால் 98.6. தோராயம் அல்ல, துல்லியமான விடை!

வழி இரண்டு: 40-ஐக் கூட்டு, பெருக்கு, 40-ஐக் கழி. செல்சியஸிலிருந்து போக 9/5-ஆல் பெருக்க வேண்டும். திரும்பி வர 5/9-ஆல். 2003 மே 31-இல் சென்னை நுங்கம்பாக்கத்தில் 113 டிகிரி ஃபாரன்ஹீட் கொளுத்தியது. 113 + 40 = 153. அதில் ஒன்பதில் ஒரு பங்கு 17. ஐந்து பங்கு 85. 85 − 40 = 45 டிகிரி செல்சியஸ். பேப்பரும் பேனாவும் வேண்டாம்.

இந்த 40 எங்கிருந்து வந்தது? மைனஸ் 40-இல் இரண்டு அளவும் ஒரே எண்ணைக் காட்டும். அந்த இடத்திலிருந்து எண்ணினால் ஆரம்ப இடத் தகராறே இல்லை. வைவாவில் எக்ஸ்டர்னல் சார் இதைக் கேட்டால் இனி நீங்கள் முழிக்க வேண்டாம்.

மூன்று எண்களை மட்டும் மனசில் வைத்துக்கொள்ளுங்கள். 37 என்றால் 98.6; 38 என்றால் 100.4, 40 என்றால் 104. இதை ஏன் சொல்கிறேன் என்றால், பாதரசத் தெர்மாமீட்டர்கள் மறைந்து டிஜிட்டல் தெர்மாமீட்டர்கள் வந்துவிட்டன. பலவற்றில் பட்டனை அழுத்திப் பிடித்தால் ஃபாரன்ஹீட் செல்சியஸாக மாறிவிடும். மூலையில் 'சி' என்றோ 'எஃப்' என்றோ எறும்பு அளவில் ஒரு எழுத்து தெரியும். நூறு என்ற எண்ணுக்கே பழகிப்போன ஒரு தாய், "முப்பத்தெட்டுதானே காட்டுது, நூறுகூட ஆவலையே" என்று நிம்மதியாக இருந்துவிட்டால் என்ன ஆகும்? 38 என்பதே காய்ச்சல். மூன்று மாதம்கூட நிரம்பாத கைக்குழந்தைக்கு 38 வந்துவிட்டால் தாமதிக்காமல் டாக்டரிடம் தூக்கிக்கொண்டு ஓட வேண்டும். அங்கே நம் சூத்திரம் மார்க்குக்காக அல்ல, உயிருக்காக.

98.6-இன் அந்தப் புள்ளி ஆறு

மனித உடம்பின் சரியான சூடு 98.6 என்று எல்லோரும் சொல்கிறோம். புள்ளிக்குப் பிறகு ஆறு! எவ்வளவு நுணுக்கமாக அளந்திருக்கிறார்கள் என்று தோன்றும். உண்மையில் ஜெர்மனியின் லைப்சிக் நகரத்து மருத்துவர் கார்ல் வுண்டர்லிக், சுமார் 25,000 நோயாளிகளிடம் எடுத்த அளவுகளை வைத்து 1868-இல் ஒரு புத்தகம் வெளியிட்டார். அதில் அவர் சொன்ன சராசரி 37 டிகிரி செல்சியஸ். அந்த 37-ஐ ஃபாரன்ஹீட்டுக்கு மாற்றியபோது ஒட்டிக்கொண்டதுதான் புள்ளி ஆறு. அது அளவெடுத்து வந்ததல்ல, பெருக்கலில் வந்தது.

முழு எண்ணாகச் சொல்லப்பட்ட 37 என்பது 36.5-லிருந்து 37.5 வரை எதுவாகவும் இருக்கலாம். ஃபாரன்ஹீட்டில் அது 97.7-லிருந்து 99.5 வரை. 1992-இல் அமெரிக்காவில் ஆரோக்கியமான 148 பேரிடம் 700 முறை அளந்து வெளியிட்ட ஆய்வில் சராசரி 98.2 என்றுதான் வந்தது. ஆகவே தெர்மாமீட்டர் 98.9 காட்டினால் "ஜுரம் வந்துடுச்சு" என்று படுத்துக்கொள்ள வேண்டாம், நண்பர்களே!

நமக்கு இதில் பாடம் உண்டு. ரெக்கார்டு நோட்டில் 31 டிகிரி என்று அளந்துவிட்டு, மாற்றும்போது 87.800 என்று எழுதுகிறோம். கால்குலேட்டர் தருகிற புள்ளிகள் எல்லாம் நாம் அளந்த புள்ளிகள் அல்ல. 88 என்று எழுதினால் போதும்.

வித்தியாசம்: இங்கே முப்பத்திரண்டுக்கு வேலை இல்லை

"வெப்பநிலை இயல்பைவிட 2 முதல் 3 டிகிரி செல்சியஸ் அதிகமாக இருக்கும்" என்று வானிலை அறிக்கை சொல்கிறது. இதை ஃபாரன்ஹீட்டில் சொல்லுங்கள். சூத்திரத்தில் போட்டால் 2-க்கு 35.6 வரும். "இயல்பைவிட 35 டிகிரி அதிகம்" என்றால் ஊர் தாங்குமா? பாகூர் ஏரியே வற்றிவிடும்! சரியான விடை 3.6 முதல் 5.4 வரை. பெருக்கல் மட்டும்தான், கூட்டல் கிடையாது. 2015-இல் பாரிஸ் உடன்படிக்கையில் பேசப்பட்ட 1.5 டிகிரி செல்சியஸ் உலக வெப்ப உயர்வும் இப்படித்தான். ஃபாரன்ஹீட்டில் அது 2.7 டிகிரி. 34.7 அல்ல.

நம் லேபுக்கு வருவோம். இன்ஜின் சோதனையில் ஜாக்கெட் தண்ணீர் 30 டிகிரியில் உள்ளே போய் 42-இல் வெளியே வருகிறது. வித்தியாசம் 12. நிமிடத்துக்கு 4 கிலோ தண்ணீர் ஓடினால், அது எடுத்துப்போகும் வெப்பம் 4 × 4.19 × 12, அதாவது சுமார் 201 கிலோ ஜூல். பழைய முறையில் கணக்கிட இந்த 12-ஐ ஃபாரன்ஹீட்டுக்கு மாற்ற வேண்டும் என்றால் 21.6. அதோடு 32-ஐயும் சேர்த்து 53.6 என்று போட்டால் வெப்பம் கிட்டத்தட்ட இரண்டரை மடங்காகிவிடும். ஹீட் பேலன்ஸ் ஷீட்டில் ஜாக்கெட் தண்ணீருக்கு 30 சதவீதம் போக வேண்டிய இடத்தில் 74 சதவீதம்! மொத்தம் நூறைத் தாண்டி நிற்கும். போட்ட டீசலைவிட அதிக வெப்பம் தருகிற இன்ஜினை இதுவரை யாரும் கண்டுபிடிக்கவில்லை.

இதற்கு ஒரு நல்ல பழக்கம் உண்டு. வித்தியாசத்தைக் கெல்வினில் எழுதிவிடுங்கள். செல்சியஸ் படியும் கெல்வின் படியும் ஒரே அளவு; 12 டிகிரி செல்சியஸ் வித்தியாசம் என்றால் 12 கெல்வின்தான். படிக்கிறவருக்கும் "இது நிலை அல்ல, வித்தியாசம்" என்று புரிந்துவிடும்.

இங்கே நம் "சதம்" பற்றியும் ஒரு வார்த்தை. கடலோர ஊர்களுக்கு வெப்ப அலை என்று அறிவிக்க இந்திய வானிலைத் துறை இரண்டு நிபந்தனை வைத்திருக்கிறது: அதிகபட்ச வெப்பநிலை 37 டிகிரி செல்சியஸை எட்ட வேண்டும், இயல்பைவிட 4.5 டிகிரியாவது கூடியிருக்க வேண்டும். முதலாவது நிலை, இரண்டாவது வித்தியாசம். ஃபாரன்ஹீட்டில் முதலாவது 98.6, இரண்டாவது 8.1. கவனித்தீர்களா? புதுச்சேரி போன்ற கடலோர ஊருக்கு அபாயக் கோடு சதத்துக்கு முன்னாலேயே வந்துவிடுகிறது! சதம் என்பது நம் வாய்க்குப் பழகிய ஒரு முழு எண். உடம்புக்கு அது தெரியாது. "இன்னும் நூறு ஆவலையே" என்று வெட்டவெளியில் நடவு வேலையும் கட்டட வேலையும் செய்பவர்களை நிற்க வைப்பது ஆபத்து.

மடங்கு: இங்கே செல்சியஸும் வேண்டாம், ஃபாரன்ஹீட்டும் வேண்டாம்

"நேத்து 20 டிகிரி, இன்னிக்கு 40. ரெண்டு மடங்கு சூடு!" சொல்லலாமா? அதையே ஃபாரன்ஹீட்டில் பாருங்கள்: 68, 104. ஒன்றரை மடங்குதான். ஒரே சூடு எப்படி ஒரு பாஷையில் இரண்டு மடங்காகவும் இன்னொரு பாஷையில் ஒன்றரை மடங்காகவும் இருக்கும்? இரண்டுமே தப்பு. காரணம், இரண்டிலும் பூச்சியம் என்பது மனிதன் தன் வசதிக்காக நட்ட கல். சூடே இல்லாத இடம் அல்ல.

உண்மையான பூச்சியம் மைனஸ் 273.15 டிகிரி செல்சியஸில் இருக்கிறது. வில்லியம் தாம்சன், அதாவது கெல்வின் பிரபு, 1848-இல் தம் தனி வெப்பநிலை அளவை முன்மொழிந்தார். அதற்கு அவர் அடிப்படையாகக் கொண்டது பிரெஞ்சு இன்ஜினியர் சாடி கார்னோ 1824-இல் வெளியிட்ட வெப்ப இன்ஜின் கோட்பாட்டை. (கெல்வினுக்கு முன்னால் டிகிரி என்ற சொல் தேவையில்லை என்று 1967-இல் முடிவானது. 273 கெல்வின் என்றாலே போதும்.) ஃபாரன்ஹீட் படியை வைத்துக்கொண்டு உண்மைப் பூச்சியத்திலிருந்து எண்ணினால் அது ராங்கின். ஃபாரன்ஹீட்டோடு 459.67-ஐக் கூட்ட வேண்டும்.

இப்போது 20, 40 என்பவற்றை 293, 313 கெல்வின் என்று எழுதிப் பாருங்கள். கூடியது ஏழு சதவீதம்கூட இல்லை.

இது எங்கே உதைக்கும்? பக்கத்து நெய்வேலியில் இருப்பது போன்ற ஓர் அனல் மின் நிலையத்தை எண்ணிக்கொள்ளுங்கள். எளிமைக்காக நீராவி 227 டிகிரி செல்சியஸ், கண்டென்சர் 27 டிகிரி என்று வைப்போம். கார்னோ திறன் எவ்வளவு?

செல்சியஸிலேயே போட்டால்: (227 − 27) / 227 = 88 சதவீதம்.

ஃபாரன்ஹீட்டில் போட்டால்: (440.6 − 80.6) / 440.6 = 82 சதவீதம்.

கெல்வினில் போட்டால்: (500 − 300) / 500 = 40 சதவீதம்.

ராங்கினில் போட்டால்: (900 − 540) / 900 = 40 சதவீதம்.

பார்த்தீர்களா? உண்மைப் பூச்சியத்திலிருந்து எண்ணுகிற இரண்டும் ஒரே விடையைச் சொல்கின்றன. மற்ற இரண்டும் ஆளுக்கொரு பொய்யைச் சொல்கின்றன. வாயு விதிகளுக்கும் இதே கதைதான். அழுத்தம், கன அளவு, திறன் என்று எங்கே வெப்பநிலையால் பெருக்குகிறோமோ வகுக்கிறோமோ, அங்கே கெல்வினோ ராங்கினோதான் கை கொடுக்கும்.

முடிவாக...

எண்ணைப் பார்த்ததும் சூத்திரத்துக்குப் பாயாதீர்கள். முதலில் மூன்று கேள்வி கேளுங்கள்.

1. இது நிலையா? அப்படியானால் பெருக்கலும் உண்டு, 32-உம் உண்டு.

2. இது வித்தியாசமா? பெருக்கல் மட்டும். 32-ஐத் தொடாதீர்கள்.

3. இது மடங்கா? முதலில் கெல்வினுக்கு மாற்றுங்கள், பிறகு மற்றதெல்லாம்.

நாலாவதாக ஒரு வேண்டுகோள். எண்ணுக்குப் பக்கத்தில் அலகை எழுதாமல் விடாதீர்கள். நாளைக்கு நம்மில் ஒருவர் கிருமாம்பாக்கம் தொழிற்பேட்டையில் பாய்லர் பக்கத்தில் நிற்கலாம், இன்னொருவர் சிகாகோவில் ஏசி மெக்கானிக்காக நிற்கலாம். "செட்டிங் 40" என்று மொட்டையாக எழுதி வைத்தால் அடுத்த ஷிப்டுக்கு வருகிறவர் எதை எடுத்துக்கொள்வார்? செல்சியஸ் என்றால் கோடைப் பகல். ஃபாரன்ஹீட் என்றால் ஃப்ரிட்ஜ் பெட்டி.

போகிற போக்கில் ஒரு கணக்கு. ஃபாரன்ஹீட்டும் செல்சியஸும் மைனஸ் 40-இல் சந்திக்கின்றன. ஃபாரன்ஹீட்டும் நம் பழைய பிரெஞ்சு ரெயோமூரும் எங்கே சந்திக்கும்? மைனஸ் 25.6 என்று வந்தால் முதுகில் தட்டிக்கொள்ளுங்கள்.

தேர்வில் எல்லோரும் வெற்றி பெற வாழ்த்துக்கள்!